கோப்பை வண்டல்

பத்து நாள் வேலை.
கெடிலத்தின் வாயில் படிந்து கிடப்பதைக்
கோல் இறக்கி அடி அடியாய் அளந்து
கட்டம் போட்ட தாளில் ஏற்ற வேண்டும்.
ஏழாம் நாள் மழை. படகு எடுக்க முடியாது.
"பாண்டிக்குப் போயிட்டு வந்துருவோம் மேடம்,
டீசல் அங்க கம்மி" என்றார் லூர்துநாதன்.
ஜீப் அவர் பேச்சைத்தான் கேட்கும்.

அம்பூர் சாலையில்
பெரிய வாய்க்காலைப் பார்த்தபடி ஒரு பலகை:
துருக்கி உணவகம்.
பிறைக்குப் பக்கத்து நட்சத்திரத்தில்
ஒரு முனை உதிர்ந்திருந்தது.
லூர்துநாதன் பலகையைப் படித்தார், விலையைப் படித்தார்,
எதிரே கொத்துப் பரோட்டாவின் சத்தத்துக்குள்
போய் மறைந்தார்.

நான் சாப்பாட்டுக்காக எங்கும் போனவள் இல்லை.
போன இடத்தில் இருப்பதைத் தின்பவள்.
மேட்டூரில் கெண்டை.
தொண்டியில் ஒரு வாரம் பன்னும் டீயும்.

முதலில் அய்ரான்.
செம்புக் குவளை, மேலே இரண்டு விரல் நுரை.
குடித்தேன். மோர்.
இஞ்சி வரும், கறிவேப்பிலை வரும் என்று
பாதிக் குவளை வரை நாக்கு காத்திருந்தது.
உப்பு மட்டும் வந்தது.
நூற்றிருபது ரூபாய்.

பிறகு மைசூர்ப் பருப்பு சூப்.
ரசம் வைக்கத் தொடங்கி
யாரோ பாதியில் மனம் மாறியிருக்கிறார்கள்.
பிறகு லாமாஜுன்,
அரைத்த கறி பூசிய மெல்லிய ரொட்டி,
சுருட்டித் தின்ன வேண்டுமாம்.
பிய்த்துத் தின்றேன்.
செங்கல் நிறத்தில் ஒரு தூள் வைத்தார்கள், சுமாக்.
இலந்தை வடைக்கு ஒன்றுவிட்ட தங்கை.
அதை மட்டும் இரண்டாம் முறை கேட்டேன்.

பக்கத்து மேசையில் சென்னைப் பையன்கள்:
"ராக்கி இருக்கா? தண்ணி ஊத்துனா பாலாகுமே?"
"கேள்விப்பட்டிருக்கேன் தம்பி" என்றார் ஜக்கரியா.
"பாண்டியிலயே அது கிடைக்காத ஒரே கடை நம்முதுதான்."

பரங்கிப்பேட்டைக்காரர்.
தோஹாவில் ஒரு துருக்கிக் கம்பெனியின் மெஸ்ஸில்
பதினோரு வருஷம்.
துருக்கிக்குப் போனதில்லையா என்றேன்.
"மூணு மாசச் சம்பளம் பாக்கி இருக்கு.
கேக்குறதுக்காவது ஒரு நாள் போகணும்."

மழை விடவில்லை.
காப்பி அவர் கணக்கில் வந்தது,
எனக்கொன்று, அவருக்கொன்று.
கைப்பிடி நீண்ட சின்னப் பாத்திரத்தில்
பொங்கி, அடங்கி, மறுபடி பொங்கியது.
வடிகட்டவில்லை.
டிகாக்‌ஷனில் வளர்ந்த எனக்கு
அது ஒரு தப்பு நடப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

குடித்து முடித்ததும் கோப்பையைத் தட்டில் கவிழ்க்கச் சொன்னார்.
"கசடப் பாத்து நல்லது கெட்டது சொல்லுவாங்க.
மெஸ்ஸுல ஒருத்தன் சொல்லுவான். எனக்கு வராது."
எனக்கு வரும் என்றேன்.
அரசாங்கம் அதற்குத்தான் சம்பளம் தருகிறது.

என் கோப்பையில் ஒன்றும் இல்லை.
அவருடையதை நிமிர்த்தினேன்.
விளிம்பில் மாவுபோல் நைசு, அடியில் பருக்கை.
இந்தப் பக்கம் ஒரு திட்டு, அந்தப் பக்கம் ஒன்று,
நடுவே கழுவிவிட்ட மாதிரி வெறும் பீங்கான்.
"ரெண்டு வெள்ளம் வந்து போயிருக்கு."

ஜக்கரியா மேசையைத் துடைத்தார்.
துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.
"மூணு" என்றார்.

வேடிக்கைக்குச் சொன்னதை
அதற்குப்பின் வேடிக்கையாக வைத்திருக்க முடியவில்லை.
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்:
பின்னால் வருகிற பெரிய வெள்ளம்
முன்னால் வந்ததன் வண்டலை
சுரண்டி எடுத்துப் போய்விடும்.
அடையாளம் இருக்காது.
அளக்கிறவர்கள் தவறவிடுவோம்.

அவர் கோப்பையை வாங்கிக்கொண்டார்.
உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.
வெளியே வாய்க்கால்
பாலிதீன் பைகளோடு நிறைந்து போனது.
ரசீதில் அய்ரானை அடித்திருந்தார்.

ஜீப்பில் பரோட்டா வாசனை.
"என்ன மேடம் சாப்ட்டீங்க?"
மோர் என்றேன்.
லூர்துநாதன் வைப்பரைப் போட்டார்.